கண்ணுக்கும் அளவு எடுக்க வேண்டும்

சட்டை தைக்கும் முன் தையற்காரர் அளவு எடுக்கிறார். கண்புரை ஆபரேஷனுக்கு முன்பும் டாக்டர்கள் கண்ணை அளக்கிறார்கள். ஏன்?

நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அது மங்கிப் போகும். அதுதான் கண்புரை. மங்கிய லென்சை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் இந்த முறையைத் தொடங்கினார். நம் நாட்டில் பல ஆண்டுகள் வரை, புரை எடுத்த பலர் தடித்த கண்ணாடிதான் போட்டார்கள். 1992-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப், குறைந்த விலையில் லென்ஸ் செய்யத் தொடங்கியது.

ஒரே லென்ஸ் எல்லோருக்கும் பொருந்தாது. அதனால் இரண்டு அளவுகள் எடுக்கிறார்கள்.

முதல் அளவு, கருவிழியின் வளைவு. இதை அளப்பது கெரட்டோமீட்டர். தாடையைக் கருவியில் வைத்து, விளக்கைப் பார்க்க வேண்டும். கருவி கண்ணைத் தொடாது.

இரண்டாவது அளவு, கண்ணின் நீளம். இதை அளப்பது ஏ-ஸ்கேன். கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிறது அல்லவா? அதுபோல, இந்தக் கருவி நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கண்ணுக்குள் அனுப்புகிறது. ஒலி திரும்பி வரும் நேரத்தை வைத்து நீளம் தெரிகிறது.

பெரியவர்களின் கண் சுமார் 23 அல்லது 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இதில் 1 மில்லிமீட்டர் தவறினால், ஏறக்குறைய இரண்டரை பவர் மாறிவிடும். ஆபரேஷன் நன்றாக நடந்தும் பார்வை மங்கலாக இருக்கும். பிறகு கண்ணாடி போட வேண்டும். சில சமயம் லென்சையே மாற்ற நேரிடும்.

ஏ-ஸ்கேன் எடுக்கும்போது பயப்பட வேண்டாம். கண் மரத்துப்போக சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு பேனா போன்ற கருவி கண்ணை லேசாகத் தொடும். வலிக்காது. தலையை முன்னே தள்ளாதீர்கள். கண் அழுந்தினால் நீளம் குறைவாகக் காட்டும்.

சில மருத்துவமனைகளில் கண்ணைத் தொடாமல் ஒளியால் அளக்கும் கருவியும் உண்டு. ஆனால் முற்றிய புரைக்குள் ஒளி நுழையாது. அப்போது ஒலிக் கருவிதான் உதவும்.

முன்பு கண்ணில் அடிபட்டதா? கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்தீர்களா? காண்டாக்ட் லென்ஸ் போடுகிறீர்களா? அளக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இவற்றால் அளவு மாறலாம்.

அளவுச் சீட்டில் உங்கள் பெயர் சரியா? வலது கண்ணா, இடது கண்ணா? படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். கண் உங்களுடையது. கேட்பது உங்கள் உரிமை.