கேமராவைப் பார்க்கலாம்: லூயி மால் மெட்ராஸ் வந்த கதை

எங்க உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில்ல குடவோலைக் கல்வெட்டைப் படம் எடுக்க கேமராவோட யாராவது வந்துட்டே இருப்பாங்க. வந்ததும் ஊர்க்காரங்ககிட்ட சொல்ற முதல் வார்த்தை, "யாரும் கேமராவைப் பார்க்காதீங்க." நாம பார்த்துட்டா ஷாட் வீணாம்!

அப்படிப் பார்க்கிறதை வெட்டாம வெச்ச ஒரு பிரெஞ்சு இயக்குநரைப் பத்திதான் இன்னிக்குப் பேசப்போறேன். லூயி மால். 1932ல் பிறந்தவர், சர்க்கரை ஆலைக் குடும்பம். கடலாய்வாளர் கூஸ்தோவோட சேர்ந்து எடுத்த ஆவணப்படத்துக்கு 1956ல் கான் விழாவோட தங்கப்பனை விருது. அப்போ வயசு 23! அப்புறம் கதைப்படங்கள், பேரு, புகழ்.

அதையெல்லாம் விட்டுட்டு 1968ல் இந்தியா வந்தார். ஒரு கேமராமேன், ஒரு ஒலிப்பதிவாளர், அவர். மூணே பேர். ஸ்கிரிப்ட் கிடையாது. அதுதான் ஏழு பகுதியா, ஆறு மணி நேரத்துக்கு வந்த 'ஃபேன்டம் இந்தியா'. ஒரு பகுதி முழுக்க மெட்ராஸ்தான். மயிலாப்பூர் தேரோட்டம், கலாக்ஷேத்ரா, அப்புறம் 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பு! நம்ம பத்மினி ஆடுறதை ஒரு பிரெஞ்சு கேமரா ஓரமா நின்னு பார்க்குது.

ஜனங்க அந்தக் கேமராவை உத்துப் பார்க்கிறாங்க. அவர் அதை அப்படியே வெச்சார். உங்க ஊருக்குள்ள நான் எதுக்கு வந்தேன்னு தன்னையே கேட்டுக்கிற மாதிரி இருக்கும். ஆனா ஒரு குறை சொல்லணும். பார்க்கிறவங்க நாம, பேசுறது பெரும்பாலும் அவர் குரல்தான்.

இதை பிபிசி ஒளிபரப்பினப்போ, ஏழ்மையை மட்டுமே காட்டுறதா நம்ம அரசுக்குக் கோபம். 1970ல் பிபிசியோட டெல்லி அலுவலகத்தையே மூடச் சொல்லிட்டாங்க. தேரையும் நாட்டியத்தையும் அந்தக் கோபத்துல யாரும் கணக்குல எடுத்துக்கல போல.

பார்வைங்கிறது அவருக்குச் சின்ன விஷயம் இல்ல. 1944 ஜனவரியில், 11 வயசுல, அவர் படிச்ச விடுதிப் பள்ளிக்குள்ள ஜெர்மன் போலீஸ் வந்து, ஒளிச்சு வெச்சிருந்த மூணு யூதப் பசங்களையும் தலைமைப் பாதிரியாரையும் பிடிச்சுட்டுப் போச்சு. பசங்க மூணு பேரும் ஆஷ்விட்ஸ்ல செத்தாங்க. அதை அவர் படமா எடுக்க 43 வருஷம் ஆச்சு. 1987ல் வந்த 'ஓ ரெவ்வார் லெ ஆன்ஃபான்'. வெனிஸ் விழாவுல தங்கச் சிங்கம் வாங்கினது. அதுல போலீஸ்காரன் வகுப்புல நின்னு யூதப் பையன் யாருன்னு கேட்கிறான். யாரும் வாய் திறக்கல. ஆனா கதாநாயகச் சிறுவன், தன்னையறியாம ஒரே ஒரு தடவை நண்பன் பக்கம் திரும்பிப் பார்த்துடறான்.

அந்தக் காட்சியைப் பார்த்துட்டு, மறுபடி மெட்ராஸ் பகுதியைப் போட்டுப் பாருங்க.