புல்பப் துப்பாக்கி: வரவும் செலவும்

2015இல் நியூஸிலாந்து ராணுவம், கால் நூற்றாண்டாகப் பயன்படுத்திய ஸ்டெயர் துப்பாக்கிக்குப் பதிலாக ஓர் அமெரிக்கத் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தது. மறுவருடம் பிரான்ஸ், தன் நாட்டிலேயே வடிவமைத்துத் தயாரித்த ஃபமாஸைக் கைவிட்டு ஜெர்மனியின் எச்கே-416க்கு மாற முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங் அணிவகுப்பில் சீன வீரர்கள் க்யூபிஇசட்-191 என்ற புதிய துப்பாக்கியோடு நடந்துவந்தார்கள். அதுவரை அவர்கள் கையில் இருந்தது க்யூபிஇசட்-95. ஸ்டெயர், ஃபமாஸ், க்யூபிஇசட்-95 மூன்றும் புல்பப் வகை. அவற்றின் இடத்துக்கு வந்த மூன்றும் பழைய, வழக்கமான அமைப்பைக் கொண்டவை.

1980களில் ராணுவத் துப்பாக்கியின் எதிர்காலம் என்றே புல்பப்பைச் சொன்னார்கள். அந்த எதிர்காலத்தை விட்டு ஒவ்வொரு நாடாக விலகுவது ஏன்?

வழக்கமான ரைஃபிளில் விசைக்கு முன்னால் மேகசின் இருக்கும். தோட்டாவை ஏற்றி, வெடிக்கவைத்து, வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் பொறியமைப்பும் விசைக்கு மேலும் முன்னும்தான் இருக்கும். விசைக்குப் பின்னால் இருக்கும் தோள்கட்டையின் முக்கிய வேலை தோளில் பொருந்துவது. புல்பப் அந்தக் கட்டைக்குள்ளேயே பொறியையும் மேகசினையும் கொண்டுபோய் வைக்கிறது. கைப்பிடியும் விசையும் முன்னே வந்துவிடுகின்றன. குழலின் நீளத்தில் கை வைக்காமலேயே துப்பாக்கி குட்டையாகிவிடுகிறது.

எவ்வளவு குட்டை? அமெரிக்காவின் எம்16ஏ2வின் குழல் 508 மி.மீ.; துப்பாக்கியின் மொத்த நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயுஜியிலும் குழல் அதே 508 மி.மீ.தான், ஆனால் மொத்த நீளம் 790 மி.மீ. ஏறத்தாழ அரை முழம் மிச்சம். படைவீரனுக்கு அரை முழம் பெரிய விஷயம்.

குழலை வெட்டிக் குட்டையாக்கினால் போதாதா என்று கேட்கலாம். 5.56 மி.மீ. குண்டின் எடை நான்கு கிராம் அளவுதான். இவ்வளவு சிறிய குண்டு தன் வேலையைச் செய்வது வேகத்தால். வெடிமருந்து வாயு குண்டைத் தள்ளிக்கொண்டே இருப்பது அது குழலுக்குள் இருக்கும்வரைதான். எம்4 கார்பைனின் குழல் சுமார் 370 மி.மீ.; அதிலிருந்து புறப்படும் குண்டு, நீளக்குழல் எம்16இலிருந்து புறப்படுவதைவிட வினாடிக்கு நாற்பது, ஐம்பது மீட்டர் வேகம் குறைந்தே கிளம்பும். தொலைவு கூடக்கூட அந்தக் குறைவு குண்டின் தாக்கத்தில் தெரியும். புல்பப் இந்த வேக இழப்பு இல்லாமல் நீளத்தை மட்டும் குறைக்கிறது. அதன் அத்தனை கவர்ச்சிக்கும் வேர் இதுதான்.

யோசனை புதிதல்ல. 1901இலேயே பிரிட்டனில் தார்னிகிராஃப்ட் கார்பைன் என்ற பெயரில் இந்த அமைப்பு வந்தது, ராணுவம் ஏற்கவில்லை. 1951இல் அதே பிரிட்டன் ஈஎம்-2 என்ற புல்பப்பை அதிகாரபூர்வமாகவே ஏற்றது. அந்த ஆண்டின் இறுதியில் சர்ச்சில் மீண்டும் பிரதமரானார். நேட்டோ நாடுகள் எல்லாம் ஒரே தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும், அது அமெரிக்கா விரும்பிய 7.62 மி.மீ. தோட்டாவாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஈஎம்-2 கைவிடப்பட்டது. நல்ல துப்பாக்கி ஒன்று அரசியலுக்குப் பலியானது என்று அந்நாட்டு ஆயுத ஆர்வலர்கள் இன்றும் வருந்துகிறார்கள்.

புல்பப்புக்கு உண்மையான காலம் பிறந்தது 1970களில். காலாட்படை கவச வண்டிகளில் போர்முனைக்குப் போகத் தொடங்கியிருந்தது. இரும்புப் பெட்டி போன்ற வண்டிக்குள் எட்டு, பத்து பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறந்ததும் குதித்து ஓட வேண்டும். அங்கே ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கி இடைஞ்சல். மடக்குக் கட்டை வைத்த துப்பாக்கிகள் இருந்தன; ஆனால் குறிபார்த்துச் சுட வேண்டுமென்றால் கட்டையை விரித்தாக வேண்டும். புல்பப்போ எந்நேரமும் குட்டை, எந்நேரமும் தயார். ஆஸ்திரியாவும் பிரான்ஸும் அந்தப் பத்தாண்டின் இறுதியிலும், பிரிட்டன் 1985இலும் அதற்கு மாறின.

இன்னொரு நன்மையும் உண்டு. எடை பின்பக்கம், உடலோடு ஒட்டி இருப்பதால் வலது கை ஒன்றாலேயே துப்பாக்கியை உயர்த்திப் பிடித்திருக்க முடியும். மற்றக் கை கதவைத் திறக்கலாம், ஏணியைப் பிடிக்கலாம். ஹெலிகாப்டரிலிருந்தும் கப்பலிலும் இயங்கும் படைகளுக்கு இது சிறு வசதி அல்ல.

செலவுக் கணக்கு வீரனின் கன்னத்தில் தொடங்குகிறது. வழக்கமான ரைஃபிளில் தோட்டா வெடிக்கும் அறை முகத்துக்கு முன்னால் தள்ளி இருக்கும். புல்பப்பில் அது கன்னத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. வெற்றுத் தோட்டாக்கூடு வலப்பக்கம் தெறிக்கும். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்குச் சிக்கலில்லை. இடது தோளில் வைத்தால் சுடச்சுட வரும் பித்தளைக்கூடு நேராக முகத்தில் அடிக்கும்.

பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர் என்பது பொதுவான கணக்கு. பிரிட்டன் இதற்குக் கண்ட வழி எளியது, கொடியதும்கூட: இடக்கைக்காரர் உட்பட எல்லோரும் வலது தோளிலிருந்தே சுடப் பழக வேண்டும். ஸ்டெயரிலும் ஃபமாஸிலும் சில பாகங்களை மாற்றினால் கூடு இடப்பக்கம் விழும். ஆனால் அதை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். சண்டைக்கு நடுவில் முடியாது. நகரச் சண்டையில் இது இடக்கைக்காரரோடு நிற்கும் பிரச்சினை அல்ல. ஒரு சுவரின் இடது ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும் என்றால், எவரும் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினால்தான் உடல் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். புல்பப் வைத்திருப்பவர் வலது தோளிலேயே சுட்டால் பாதி உடலை வெளியே காட்ட வேண்டும். சந்துபொந்துகளில் சண்டையிட வசதி என்று வாங்கும் துப்பாக்கி, அதே சந்தின் திருப்பத்தில் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தக் குறையை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். பெல்ஜியத்தின் எஃப்2000 கூடுகளை முன்பக்கமாகத் தள்ளி இதைத் தீர்த்தது. ஆனால் அதைப் பொதுத் துப்பாக்கியாக ஏற்றுக்கொண்ட நாடுகள் மிகக் குறைவு; சிறிய ஸ்லோவீனியா அவற்றில் ஒன்று.

மேகசின் மாற்றுவது அடுத்த தொல்லை. வழக்கமான அமைப்பில் அது கண்ணுக்கு எதிரே நடக்கும். புல்பப்பில் அக்குளுக்கு அடியில் கையைக் கொண்டுபோய்ச் செருக வேண்டும். இருட்டில், படுத்திருக்கும்போது, மார்பில் கவச உடையோடு. பயிற்சியால் வேகம் வரும் என்பது உண்மை. ஆனாலும் இரு வகையையும் நன்றாகப் பழகியவர்களில் பலர் பழைய அமைப்பையே விரும்புகிறார்கள்.

கவச உடை வேறொரு வகையிலும் கணக்கை மாற்றிவிட்டது. மார்புத்தகடு அணிந்தால் தோளுக்கும் விசைக்கும் இடையிலான தூரம் சில சென்டிமீட்டர் கூடிவிடும். எம்4 வகையில் தோள்கட்டையை உள்ளே தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம். புல்பப்பின் கட்டைக்குள் பொறி இருப்பதால் அதைத் தள்ளவோ மடக்கவோ இயலாது. உயரம் குறைந்தவரும் கவசம் அணிந்தவரும் ஒரே அளவோடு ஒத்துப்போக வேண்டும்.

விசை முன்னால், பொறி பின்னால் என்பதால் இரண்டையும் இணைக்க ஒரு நீளமான கம்பி வேண்டும். பழைய சைக்கிளில் ஹேண்டில்பாரிலிருந்து சக்கரத்துக்கு ஓடும் பிரேக் கம்பியைப் போல, இடையில் சிறு தளர்வும் உரசலும் சேர்ந்துவிடும். விரல் இழுப்பதும் துப்பாக்கி வெடிப்பதும் துல்லியமாக ஒட்டாது. துல்லியமாகச் சுட முயல்பவருக்கு இது உறுத்தும். இவை தவிர, குழல்வாய் காதுக்கு அருகே வருவதால் சத்தமும் முகத்தருகே வாயுவும் அதிகம். முன்பக்கம் இடம் குறைவு என்பதால் விளக்கு, லேசர் போன்றவற்றைப் பொருத்துவதும் நெருக்கடி.

புல்பப்பைக் குறைசொல்பவர்கள் வழக்கமாகக் காட்டும் சாட்சி பிரிட்டனின் எஸ்ஏ80. இங்கே நிதானம் வேண்டும். 1991 வளைகுடாப் போரின் மணலில் அது அடிக்கடி நின்றுபோனது. மேகசினை விடுவிக்கும் பொத்தான் உடையில் பட்டு அழுந்தி, மேகசின் தானே கீழே விழுந்தது. பிளாஸ்டிக் பாகங்கள் பூச்சிவிரட்டி மருந்து பட்டுக் கெட்டன. வீரர்கள் அதை நம்பவில்லை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட புல்பப் அமைப்பால் வந்த கேடு அல்ல. மோசமான தயாரிப்பால், அவசரத்தால் வந்தவை. 2000க்குப் பிறகு ஜெர்மனியின் ஹெக்லர் & கோக் நிறுவனம் சுமார் இரண்டு லட்சம் துப்பாக்கிகளின் உள்பாகங்களை மாற்றிக் கொடுத்தது. செலவு 9 கோடியே 20 லட்சம் பவுண்டு. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பிரிட்டிஷ் காலாட்படை அந்தத் துப்பாக்கியோடுதான் போரிட்டது. ஃபமாஸின் முடிவுக்கும் உள்நாட்டுக் காரணங்கள் இருந்தன: அது பிரெஞ்சு எஃகுக்கூட்டுத் தோட்டாவுக்காக உருவாக்கப்பட்டது, அந்தத் தோட்டாவைச் செய்த ஆலைகளும் துப்பாக்கியைச் செய்த சான்தெத்தியேன் ஆலையும் மூடப்பட்டுவிட்டன.

எனினும் ஒரு சாட்சியம் வலுவானது. ஆயுதத்தைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிறப்புப் படைகள் எதை எடுத்தன என்று பாருங்கள். பிரிட்டனின் எஸ்ஏஎஸ், எஸ்ஏ80ஐ விட்டுக் கனடாவின் சி8ஐ எடுத்தது. ஆஸ்திரேலியாவின் சிறப்புப் படை, சொந்த நாட்டிலேயே தயாரான ஸ்டெயரை விட்டு எம்4ஐ எடுத்தது. 2023இல் பிரிட்டனின் ராயல் மரீன்களுக்கும் ரேஞ்சர் படைக்கும் தேர்வானதும் வழக்கமான அமைப்புடைய துப்பாக்கிதான்.

புல்பப் கெட்டுப்போய்விடவில்லை, அது தீர்க்க வந்த பிரச்சினை சிறிதாகிவிட்டது. குட்டைக் குழலிலும் நன்றாக வேலைசெய்யும்படி தோட்டாக்களை மாற்றி அமைத்தார்கள். 2010இல் அமெரிக்கா கொண்டுவந்த எம்855ஏ1 தோட்டா எம்4இன் குழலை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. 2022இல் அமெரிக்கத் தரைப்படையின் 6.8 மி.மீ. ரைஃபிள் போட்டியில் ஒரு புல்பப்பும் இருந்தது. வென்றது சிக் சாவரின் வழக்கமான வடிவம். அதன் குழல் 13 அங்குலம்தான். இழந்த நீளத்தை, தோட்டாவின் அழுத்தத்தைக் கூட்டி ஈடுசெய்தார்கள்.

இன்னும் விடாத நாடுகளும் உண்டு. ஆஸ்திரேலியா, லித்கோ ஆலையில் ஸ்டெயரை மேம்படுத்தி ஈஎஃப்88ஆகத் தொடர்கிறது. 1999இல் வந்த சிங்கப்பூரின் எஸ்ஏஆர்-21, கட்டாய ராணுவச் சேவைக்கு வரும் பதினெட்டு வயது இளைஞர்களுக்கான துப்பாக்கி. அந்நாட்டுத் தமிழ் இளைஞர்களுக்கும் அது நன்கு தெரிந்ததே. கன்னம் படும் இடத்தில் கெவ்லர் தகடு வைத்து, வெடிப்பு விபத்து நேர்ந்தாலும் முகம் தப்பும்படி செய்திருக்கிறார்கள். குறைகாலப் பயிற்சி, வண்டிப் பயணம், நகரமும் அடர்காடும் கலந்த சிறு நிலம் என்ற சூழலுக்கு அது பொருந்துகிறது.

இந்தியா இஸ்ரேலின் டவோரைக் கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருட் போன்ற சிறப்புப் படைகளுக்கே முக்கியமாக வாங்கியது. அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகும் ஏகே-203, அமெரிக்காவிலிருந்து வந்த சிக்716, திருச்சி படைக்கலத் தொழிற்சாலை செய்யும் திருச்சி அசால்ட் ரைஃபிள் எல்லாம் வழக்கமான அமைப்பே. கப்பலுக்குள்ளும் ஹெலிகாப்டருக்குள்ளும் குனிந்து நுழைபவர்களுக்குக் குட்டைத் துப்பாக்கி. பனிமலையில் கனத்த உடையும் கையுறையும் போட்டு, இரு தோளிலும் மாற்றிச் சுட வேண்டியவருக்குப் பழைய அமைப்பு. லட்சக்கணக்கான வீரர்களைக் கொண்ட ஒரு தரைப்படைக்கு இந்தப் பிரிவினை சரியானது என்பதே என் தீர்ப்பு.