அளவைக் குழந்தை சொல்லட்டும்

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1360 கலோரி தேவை என்கிறது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பள்ளி விட்டு வந்த குழந்தை ஐம்பது கிராம் குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பாலில் தோய்த்துத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாலில் சர்க்கரையும் சத்துபானப் பொடியும் உண்டு. பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு சின்னப் பாக்கெட் சிப்ஸ். எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்நூறு கலோரியை ஒட்டி வந்துவிடும். நாள் முழுவதற்குமான தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாலை ஆறு மணிக்குள் உள்ளே போய்விட்டது. எட்டு மணிக்கு அதே குழந்தை இட்லியைத் தள்ளிவிட்டால், ‘ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான்’ என்று வீடு கவலைப்படுகிறது. கைப்பேசியில் பாட்டுப் போட்டு, அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய் என்று ஊட்டி முடிக்கிறார்கள். மறுநாள், ராத்திரி சரியாகச் சாப்பிடாத பிள்ளையாயிற்றே என்று மாலையில் இன்னும் இரண்டு பிஸ்கட் கூடுகிறது. நொறுக்குத் தீனி அதிகம், சாப்பாடு குறைவு என்று இரண்டு புகார்களாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே கோளாறுதான்.

இந்தக் கோளாறின் வேர் வேலைப் பிரிவினையில் இருக்கிறது என்பது என் வாதம். அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் பல பத்தாண்டுகளாக ஒரு பிரிவினையை வலியுறுத்திவந்தார். என்ன உணவு, எப்போது, எங்கே என்ற மூன்றும் பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்ற இரண்டும் குழந்தையின் பொறுப்பு. நம் வீடுகள் பலவற்றில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. எதைத் தின்பது, எந்நேரம் தின்பது என்பதை அடம்பிடிக்கும் குழந்தை முடிவு செய்கிறது. எத்தனை வாய் என்பதை ஊட்டுகிறவர் முடிவு செய்கிறார். குழந்தைக்குத் தெரியாத வேலையை அதனிடம் விட்டுவிட்டு, அதற்குப் பிறவியிலேயே ஓரளவு தெரிந்த வேலையை நாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

பிறவியிலேயே தெரியும் என்பதற்குச் சான்று உண்டு. லியன் பிர்ச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள 15 குழந்தைகளை ஆறு நாள்கள், ஒவ்வொரு நாளும் 24 மணி நேரம், என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். முடிவு 1991இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. ஒரே குழந்தை ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட அளவு தாறுமாறாக இருந்தது. ஏற்ற இறக்கம் சராசரியாக 34 சதவீதம். ஆனால் நாள் முழுக்கச் சாப்பிட்டதன் கூட்டுத்தொகையில் ஏற்ற இறக்கம் பத்து சதவீத அளவுதான். காலையில் குறைத்தது மதியம் ஈடாகிறது. மதியம் கூடியது இரவில் தணிகிறது. ஒரு வேளைத் தட்டை வைத்துக் குழந்தையின் சாப்பாட்டை எடைபோடுவது எவ்வளவு தப்பான கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆய்வை நான் படித்ததில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தையின் எடை முதல் ஆண்டு முடிவில் மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. சரியாக அந்தப் பருவத்தில்தான் தாய்மார்கள் குழந்தை சாப்பிடவில்லை என்று பயப்படத் தொடங்குகிறார்கள், கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடுவதும் அப்போதுதான் ஆரம்பமாகிறது.

ஆனால் பசிக்கேற்ப அளவைச் சரிசெய்துகொள்ளும் இந்தத் திறன் உறுதியானது அல்ல, சுலபமாகக் கெட்டுப்போகக்கூடியது. பிர்ச் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வயிறு நிறைந்ததா, பசிக்கிறதா என்று கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குத் தட்டைக் காலி செய்தால் பரிசு. முதல் பிரிவினர் முன்னால் தின்ற பண்டத்தின் கலோரிக்கேற்ப அடுத்துச் சாப்பிட்டதைக் கூட்டிக் குறைத்தார்கள். இரண்டாம் பிரிவினரிடம் அந்தச் சூட்சுமம் மறைந்துவிட்டது. எதிரே வைக்கப்படும் அளவுக்கும் இதே சக்தி உண்டு. 2003இல் ஜெனிஃபர் ஃபிஷரும் பார்பரா ரோல்ஸும் பிர்ச்சும் சேர்ந்து செய்த ஆய்வில், மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவின் முக்கியப் பதார்த்தத்தை இருமடங்காக வைத்தபோது அவர்கள் அதை 25 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு வாயின் அளவும்கூட முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. அதே குழந்தைகள் தாங்களே பரிமாறிக்கொண்டபோது, பெரிய பங்கு வைக்கப்பட்ட நாளைவிடக் கால் பங்கு குறைவாகவே சாப்பிட்டார்கள். 2000இல் வந்த ஓர் ஆய்வு, மூன்று வயதுக் குழந்தைகள் பெரிய பங்கைக் கண்டு இப்படி ஏமாறுவதில்லை, ஐந்து வயதில்தான் ஏமாறத் தொடங்குகிறார்கள் என்று சொன்னது. அதை வைத்து, கள்ளமற்ற பருவம் ஒன்று உண்டு என்று நிறைய எழுதப்பட்டது. 2007இல் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஃபிஷர் செய்த ஆய்வில் அந்த வயது வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே குழந்தைக்குத் தன் பசி தெரியும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. அந்த அறிவு வேலை செய்வதற்கான சூழலைப் பெரியவர்கள்தான் அமைத்துத் தர வேண்டும்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். அளவைக் குழந்தையிடம் விட்டால் அது சிப்ஸை மட்டுமே தின்னாதா? தின்னும். அதனால்தான் ‘என்ன’ என்பது குழந்தையின் கையில் இருக்கக் கூடாது. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1920களின் இறுதியில் வெளியிடத் தொடங்கிய ஆய்வை இதற்கு எதிர்ச்சான்றாகச் சிலர் காட்டுவார்கள். தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன்னால் 34 உணவுகளை வைத்து, விரும்பியதை விரும்பிய அளவு உண்ணவிட்டார் அவர். குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். ஆனால் அந்த 34இல் சர்க்கரை இல்லை, பாக்கெட்டில் அடைத்த பண்டம் எதுவும் இல்லை; பால், முட்டை, பழம், காய், தானியம், இறைச்சி இவைதான். பட்டியலைத் தீர்மானித்தது டேவிஸ். கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட ஆய்வு பெரியவர்களிடம் செய்யப்பட்டது என்றாலும் அதே திசையைக் காட்டுகிறது. மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளை வேண்டுமட்டும் உண்ணவிட்ட இரண்டு வாரங்களில், சாதாரண உணவு உண்ட இரண்டு வாரங்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக அவர்கள் சாப்பிட்டார்கள். வளர்ந்தவர்களின் பசியுணர்வையே குழப்பும் பண்டத்தின் முன்னால் ஐந்து வயதுக் குழந்தையை நிறுத்தி, போதும் என்று நீயே சொல் என்பது நியாயமாகாது.

அப்படியானால் அடியோடு தடுத்துவிடலாமே? அதுவும் பலிப்பதில்லை. ஃபிஷரும் பிர்ச்சும் 1999இல் காட்டியதுபோல, கண்ணெதிரே வைத்துக்கொண்டே தொடக்கூடாது என்று தடுத்த பண்டத்தின்மேல் குழந்தைகளின் கவனமும் பேச்சும் கூடின. கிடைத்தபோது அதைத்தான் நாடினார்கள். அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவுக்கு நம் வீடுகளில் நடப்பதும் இதுதான். ‘சோற்றை முடித்தால் சாக்லேட்’ என்ற பேரமும் எதிர்விளைவையே தரும். 1984இல் வந்த பிர்ச்சின் இன்னொரு ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின்மேல் இருந்த விருப்பமே குறைந்தது. பேரம் பேசும்போது சாக்லேட் வெகுமதி ஆகிவிடுகிறது, கீரைச்சோறு தண்டனை ஆகிவிடுகிறது. வாங்கிக் குவிக்காமலிருப்பதும், தீபாவளிக்கோ பிறந்தநாளுக்கோ வந்த இனிப்பை ஒளிக்காமல், நிபந்தனை போடாமல், சாப்பாட்டு நேரத்தில் அளவாக எல்லோருக்கும் வைப்பதும்தான் எனக்குத் தெரிந்து ஓரளவு பலன் தரும் வழி.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பருமன் பணக்கார நாடுகளின் கவலை, நம் பிள்ளைகளுக்கு எடை போதவில்லை, அளவைக் குறைக்கச் சொல்வது கொடுமையில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அதிக எடையுள்ளவர்கள் நாலு சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறார்கள். ரத்தசோகை உள்ளவர்களோ பாதிக்கு மேல். இந்த எண்களை மதித்துத்தான் பேச வேண்டும். ஆனால் அவை சொல்வது குழந்தைக்கு இன்னும் நிறையத் திணி என்பதையல்ல. உயரம் குறைவதற்கு அடிக்கடி வரும் தொற்று, தாயின் உடல்நலம் எனப் பல காரணங்கள் உண்டு. உணவின் பக்கமுள்ள குறை பெரும்பாலும் புரதமும் இரும்பும் துத்தநாகமும் போதாமை. பாலில் புரதம் உண்டு என்றாலும், பிஸ்கட்டும் இனிப்புப் பாலும் அவற்றைப் போதிய அளவு தருவதில்லை. கொஞ்சம்போல இருக்கும் வயிற்றில் அவற்றுக்கான இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடிக்கும் குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவு வரும் வாய்ப்பு அதிகம் என்பது குழந்தை மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். மெலிந்த குழந்தைக்குச் செய்ய வேண்டியது கவளத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவதல்ல, கவளத்தின் செறிவைக் கூட்டுவது. பருப்புச் சோற்றில் நெய், இட்லி மாவில் கேழ்வரகு, மாலையில் ஒரு முட்டை, வேர்க்கடலை அரைத்த துவையல் என்று எவ்வளவோ இருக்கிறது. ஏழை நாடுகளின் குழந்தைகளையும் மனத்தில் வைத்து உலக சுகாதார நிறுவனம் தரும் இணையுணவு வழிகாட்டல்கூட, பொறுமையாக ஊட்டு, உற்சாகப்படுத்து, வற்புறுத்தாதே என்றுதான் சொல்கிறது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் குழந்தைகளிடம் நடந்தவை. அங்கே தட்டு வேறு, உணவு வேறு, ஊட்டும் பழக்கமும் வேறு. சதவீதங்களை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் குழந்தைகளும் ஒரே வார்ப்பு அல்ல என்பதும் உண்மை. பிரிட்டனில் 2007இல் பிறந்த இரட்டையர்களைத் தொடர்ந்து ஆராயும் ஜெமினி ஆய்வு, பசியுணர்வில் மரபின் பங்கு பெரியது என்று காட்டியது. உணவைக் கண்டதும் ஈர்க்கப்படும் குழந்தைகள் அடிக்கடி சாப்பிடுகிறார்கள். வயிறு நிறைந்தது சீக்கிரம் தெரியாத குழந்தைகள் ஒவ்வொரு முறையும் அதிகமாகச் சாப்பிடுகிறார்கள். முதல் வகைக்கு நேர ஒழுங்கு முக்கியம்; இரண்டாம் வகைக்கு முதலில் வைக்கும் அளவு முக்கியம். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளும் இரண்டு விதமாக இருக்கலாம். ‘உன் தம்பியைப் பார், எப்படிச் சாப்பிடுகிறான்’ என்ற ஒப்பீட்டில் அர்த்தமில்லை.

நடைமுறையில் இது மிக எளிய ஏற்பாடு. மாலைத் தீனிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டு, இரண்டரை மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். மாலையில் கொடுப்பது பாக்கெட்டிலிருந்து நேரே கைக்குப் போகாமல் கிண்ணத்தில் விழட்டும்: அரைக் கிண்ணம் பயறுச் சுண்டல், ஒரு வாழைப்பழம், பொரியும் பொட்டுக்கடலையும், வேகவைத்த சர்க்கரைவள்ளி. மிகச் சின்னக் குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலையும் முழுக் கொண்டைக்கடலையும் தொண்டையில் சிக்கும்; மசித்துத்தான் தர வேண்டும். சாப்பாட்டில் முதலில் ஒரு இட்லி, அரைக் கரண்டிச் சோறு. இன்னும் வேண்டுமா என்று கேட்டு மறுபடி. சோற்றை வீணாக்கக் கூடாது என்ற நம் வீடுகளின் உணர்வு மதிக்கத்தக்கது. அதைக் காப்பாற்றுவதற்கான இடம் பரிமாறும் கரண்டிதான். நிறைய வைத்துவிட்டு மிச்சத்தைக் குழந்தையின் வயிற்றில் தள்ளினால் சோறு காப்பாற்றப்பட்டதாகாது. குழந்தையே போட்டுக்கொள்ளட்டும் என்றாலும் பாத்திரத்தைப் பார்க்க வேண்டும்: 2013இல் வந்த ஓர் ஆய்வில் முதல் வகுப்புக் குழந்தைகள் பெரியவர்களின் தட்டு கிடைத்தபோது கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள், போட்டுக்கொண்டதில் ஒரு பகுதியைக் கூடுதலாகச் சாப்பிடவும் செய்தார்கள். தட்டைச் சின்னதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. தட்டு, கிண்ணம் பற்றிய ஆய்வுகளால் பெரும் புகழ்பெற்ற பிரையன் வான்சிங்கின் பல கட்டுரைகள் 2017, 2018இல் திரும்பப் பெறப்பட்டன. பெரிய பங்கு அதிகம் சாப்பிட வைக்கிறது என்ற பொதுவான முடிவு வேறு பல ஆய்வுகளால் நிற்கிறது. தட்டின் மாயம் பற்றிய கதைகளைத்தான் தள்ளிவைக்க வேண்டும்.

மிகக் கடினமான பகுதி வீட்டு ஆட்கள். தாத்தா கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வருவது அன்பு. அதைத் தடுக்க நினைப்பது வீணான சண்டை. அதைத் தீனி நேரத்துக்கு மாற்றிவிடலாம், பாக்கெட்டைப் பிரித்து எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளின் அளவு விலையை வைத்து நிர்ணயிக்கப்படுவது. குழந்தையின் வயிற்றைக் கேட்டு யாரும் அதை அடைப்பதில்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி செய்துவிட்டது. அந்த விதி தெருமுனைக் கடைவரை எட்டாது, வீட்டுக்குள் வரவே வராது. ஏற்பாட்டை மாற்றும் முதல் சில நாள்கள் வீடு அமளியாக இருக்கும். ஆறு மணிக்கு அழுகை, எட்டு மணிக்கு முறைப்பு, ஓரிரு இரவுகள் அரை இட்லியோடு தூக்கம். ஆரோக்கியமான குழந்தை காலையில் அதை ஈடுகட்டிக்கொள்ளும். எடை கூடாமல் நிற்கிற குழந்தை, சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிற குழந்தை, மிகச் சில உணவுகளைத் தவிர எல்லாவற்றையும் மறுக்கிற குழந்தை, நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிற குழந்தை ஆகியோருக்கு இந்த ஏற்பாட்டை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.