பாரமும் வேகமும்

புனே கேம்பில் வாழும் நம்மவர் மும்பை செல்லுங்கால், லோணாவளாவுக்கு அப்பால் வண்டி மெல்ல இறங்குவது கண்டு சலிப்பதுண்டு. 1863-ல் திறக்கப்பட்ட அம்மலைப்பாதை, மிகச் சரிந்த இடங்களில் 37 அடிக்கு 1 அடி இறங்குகிறது.

ஓடும் வண்டியின் பாரம் இரட்டித்தால் அதன் இயக்க ஆற்றலும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டு 100 மீட்டரில் நிற்கும் வண்டி, 60 கிலோமீட்டர் வேகத்தில் அதே பிரேக்குக்கு 400 மீட்டர் ஓடியே நிற்கும். பிரேக் தவறிய வண்டி ஏறி ஓய்ந்து நிற்பதற்கென்றே, அம்மலையில் மேடு நோக்கிய தனித் தண்டவாளங்கள் இட்டுள்ளனர்.

தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவருக்கு அத்தகைய காவல் ஏது? ரயில்வே குமாஸ்தாவாகிய நாம், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வாறு கடப்போரை அன்றாடம் காண்கிறோம், நெஞ்சு பதைக்கிறது. டிரைவர் கண்டு பிரேக் போட்டாலும் ஆயிரம் டன் பாரம் உடனே நில்லாது. அது அவர் குற்றமன்று, கணக்கின் நியதி.

அன்பர்களே, மேம்பாலத்தில் ஏறி இறங்கச் சில நிமிடங்களே ஆகும். இக்கணக்கை இன்றிரவே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.