அவசரப் பை தயார். மோட்டார் ஸ்விட்ச் எங்கே?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். அதற்குள் ‘குடும்ப அவசரப் பை’ கட்டி வைக்கச் சொல்லி அரசுத் துண்டறிக்கைகள் வந்தபடி இருக்கின்றன. அவற்றைப் படித்தவர்களின் கடிதங்கள் இங்கே வந்து குவிகின்றன. முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே குழப்பம்: எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்து வைப்பது? ஓர் அறிக்கை ஆளுக்கு மூன்று என்கிறதாம், இன்னொன்று நான்கு. வாட்ஸ்அப்பில் பதினைந்து. மேடவாக்கம் வாசகி ஒருவருக்கு அடிப்படையிலேயே சந்தேகம்: “நாங்கள் நாலாவது மாடி. வெள்ளம் எங்கள் வீட்டுக்கு ஏறி வரப்போவதில்லை. எங்களுக்கு எதற்குப் பை?”

டார்ச், மாத்திரை, பிஸ்கட், ஆதார் நகல், ஜிப் கவர் பற்றி 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு வருவோம்.

மூன்று எண்களுமே சரிதான். மூன்று லிட்டர், குடிக்க மட்டும். நான்கு, சமையலும் சேர்த்து. பதினைந்து என்பது நிவாரண முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. குளிப்பதும் துவைப்பதும் அதற்குள் அடக்கம். நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 48 லிட்டர் வேண்டும். இரண்டு கேன், ஒரு குடம். சென்னையில் பெரும்பாலான வீடுகளில் இது ஏற்கெனவே அடுப்பங்கரை மூலையில் இருக்கிறது. காலி கேனைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும் பழக்கத்தை மட்டும் டிசம்பர் முடியும்வரை மாற்றி, எப்போதும் ஒன்று கூடுதலாக நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

இடிப்பது அந்த மூன்று நாள் கணக்குதான். ‘72 மணி நேரத்துக்குத் தேவையானவை’ என்ற வாசகம் வெளிநாட்டுக் கையேடுகளில் பிரபலமாகி இங்கேயும் நிலைத்துவிட்டது. மூன்று நாளில் அரசாங்கம் உங்கள் வாசலுக்கு வந்துவிடும் என்பது அதில் சொல்லாமல் சொல்லப்படும் உறுதிமொழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரையேறிவிட்டது. அதற்குப் பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மழை நின்ற நேரத்திலிருந்து எண்ணினால் தப்புக் கணக்கு வரும். கரண்ட் போன நேரத்திலிருந்து எண்ண வேண்டும்.

‘முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக மின்விநியோகம் நிறுத்தம்’ என்று ஓர் அறிவிப்பு வரும், அல்லது வராமலே கரண்ட் போகும். நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், தெருமுனை பில்லர் பாக்ஸின் இடுப்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது, இனி அதில் மின்சாரம் ஓடினால் யாராவது சாவார்கள். நிறுத்துவது சரியான முடிவு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் வடிந்து, பெட்டி காய்ந்து, ஊழியர் வந்து சோதித்த பிறகுதான் திரும்பக் கொடுக்க முடியும். அது எத்தனை நாள் என்று எந்த அறிவிப்பிலும் இருக்காது. பெட்டிகளை உயர்த்தி வைத்துவிட்டோம் என்று மின்வாரியம் சொல்கிறது. உங்கள் தெருவில் இருப்பதை ஒருமுறை நின்று பாருங்கள்: கதவு சாத்துகிறதா, சாத்தாத கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்களா, அடியில் முளைத்த செடி எந்த உயரம், உள்ளே தெரியும் ஃபியூஸ் கட்டைகள் உங்கள் முழங்காலுக்கு மேலா, கீழா? 72 மணி நேரம் உங்களுக்குப் போதுமா என்பதற்கு அந்தப் பெட்டியிடம்தான் பதில் இருக்கிறது.

இப்போது நாலாவது மாடிக்கு வருவோம். கரண்ட் போனதும் லிஃப்ட் நிற்கும், ஆர்.ஓ. மெஷின் நிற்கும், இதெல்லாம் தெரிந்த கதை. சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் நிற்கும். எட்டு வீடு, வீட்டுக்கு நாலு பேர், மாடியில் பத்தாயிரம் லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்ட அளவு. 32 பேர் அந்தக் கணக்கில் செலவழித்தால் 4,320 லிட்டர். தொட்டி நிரம்பியிருந்தாலும் மூன்றாம் நாள் காலையில் குழாயில் காற்றுதான் வரும். நடைமுறையில் அதற்கும் முன்னதாகவே தீரும். கரண்ட் போனதும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வாளி, அண்டா, குண்டான் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நிரப்புவார்கள். முதல் மாடிக்காரருக்கு வேகமாக வரும், மேல்மாடிக்காரர் கத்துவார்.

மாடித்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கேட் வால்வு இருக்கும். பாதிக் கட்டடங்களில் துருப்பிடித்துத் திரும்பாமல் கிடக்கும். மழைக்கு முன் பிளம்பரைக் கூப்பிட்டு அதைத் திரும்ப வையுங்கள். கரண்ட் போன அன்றே வால்வை அடைத்துவிட்டு, காலையில் அரைமணி, மாலையில் அரைமணி மட்டும் திறந்து, ஆளுக்கு 40 லிட்டர் என்று பிடித்துக்கொண்டால் 32 பேருக்கு நாளைக்கு 1,280 லிட்டர்தான். அதே பத்தாயிரம் லிட்டர் ஏழு நாளைத் தாண்டும். இதற்குத் தேவை எட்டு வீட்டுக்காரர்களின் சம்மதம். அது எந்த அவசரப் பையிலும் கிடைக்காது. அரசுப் பட்டியல்கள் ‘உங்கள் குடும்பம்’ என்று ஆரம்பிப்பதில் எனக்குள்ள வருத்தமும் இதுதான்: இந்த ஊரில் தண்ணீர் குடும்பத்தின் கையில் இல்லை, அசோசியேஷன் கையில் இருக்கிறது.

இதைவிட மோசமானது கரண்ட் திரும்பி வரும்போது நடப்பது. சம்ப் இருப்பது கார் நிறுத்துமிடத்தில், தரைமட்டத்தில். இரண்டு வளையம் வைத்த இரும்பு மூடி. அது தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. தெருவில் முழங்கால் அளவு நின்றாலே மூடியின் விளிம்பு வழியாகவும், மோட்டார் குழாய் நுழையும் ஓட்டை வழியாகவும் உள்ளே இறங்கிவிடும். கழிவுநீரேற்று நிலையங்களுக்கும் மின்சாரம் வேண்டும். அவை தடுமாறினால் சாக்கடை மூடிகள் பொங்கும். ஆகவே தெருவில் நிற்பது மழைத்தண்ணீர் மட்டுமல்ல, சம்ப்பில் இறங்கியதும் அப்படியே.

பெரும்பாலான அடுக்ககங்களில் இப்போது மோட்டாருக்கு ‘ஆட்டோமேட்டிக்’ வைத்திருக்கிறார்கள். மேல்தொட்டியில் ஒரு சென்சார், சம்ப்பில் ஒன்று. மேலே காலி, கீழே தண்ணீர் இருக்கிறது என்றால் மோட்டாரைத் தானாகப் போடும். நல்ல கருவிதான், வாட்ச்மேன் தூங்கினாலும் தொட்டி நிரம்பும். வெள்ளத்துக்குப் பின் என்ன ஆகும்? மூன்று நாள் கழித்து விடிகாலை மூன்று மணிக்குக் கரண்ட் வருகிறது. மேலே காலி. கீழே நிறைய இருக்கிறது. அது நல்ல தண்ணீரா, சாக்கடையா என்று பார்க்கச் சென்சாருக்குத் தெரியாது. மோட்டார் ஓடுகிறது. விடிவதற்குள் சாக்கடை மாடித்தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து எட்டு வீட்டுக் குழாய்களுக்கும் இறங்கிவிடுகிறது. நாலாவது மாடிக்கு வெள்ளம் ஏறாது என்று எழுதிய வாசகிக்கு என் பதில்: ஏறும், குழாய் வழியாக.

தடுக்க ஆகும் செலவு பத்து ரூபாய் இன்சுலேஷன் டேப். சம்ப்பில் தண்ணீர் இறங்கும் என்று தெரிந்ததும், கை காய்ந்திருக்கும்போதே, மோட்டாரின் எம்.சி.பி. ஸ்விட்சைக் கீழே தள்ளி, அதன் மேல் டேப்பை ஒட்டி, ‘சம்ப் கழுவும்வரை போடாதீர்கள்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வையுங்கள். எம்.சி.பி. எங்கே இருக்கிறது என்பது செயலாளருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மழை நாளில் அவர் மகள் வீட்டில் இருப்பார். பிறகு சம்ப்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒருநாள் வைத்து, அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட வேண்டும். குடிப்பதற்கான அளவு அல்ல அது. பழைய மூட்டையைப் பிரித்துப் போடுவதில் பயனும் குறைவு: திறந்து வைத்த பிளீச்சிங் பவுடரில் குளோரின் நாளாக நாளாகப் பறந்துவிடும், வெள்ளை நிறம் மட்டும் மிஞ்சும்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு: வாசலில் தண்ணீர் வருமுன்பே கழிவறைக் கோப்பை வழியாகச் சாக்கடை மேலே வரக்கூடும். அதன் மேல் வைக்க ஒரு மணல் மூட்டை வேண்டும். கேஸ் சிலிண்டர் மிதக்கும், நிறைந்த சிலிண்டரும்தான்; ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, கட்டி வையுங்கள்.

‘தாழ்வான பகுதி மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்’ என்பதில் தாழ்வான பகுதி எது என்று கேட்டிருக்கிறார் முடிச்சூர் வாசகர். தண்ணீர் வடிந்த பிறகு அதிகாரிகள் வரைவது அந்தப் பட்டியல். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தபோது மூழ்கிய இடங்களில் பல, முந்தைய வாரம் வரை யாரும் தாழ்வு என்று சொல்லாதவை. ஏரியைத் திறந்துவிட்ட விதத்தைப் பின்னால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கண்டித்ததும் பதிவில் இருக்கிறது.

பை வீட்டில் இருக்கும்போது நாம் வீட்டில் இல்லாவிட்டால்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது, சுமார் 800 பயணிகளுடன். பக்கத்துக் கிராமத்து மக்கள்தான் சோறு பொங்கிப் போட்டார்கள். கைப்பையில் இரண்டு நாள் மாத்திரை, பவர் பேங்க், ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருப்பது அன்றாடப் பழக்கமாக இருக்கட்டும்.

மற்ற கேள்விகள்:

இன்சுலின்? புது பாட்டிலை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்தால் ஃபிரிட்ஜ் இல்லாத நாட்களைச் சமாளிக்கலாம். உறைய விடக் கூடாது.

டயாலிசிஸ்? புயல் எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனையைக் கேளுங்கள், முறை நாளை முன்னால் தள்ள முடியுமா என்று.

ரேடியோ இன்னும் தேவையா? செல்போன் டவரின் பேட்டரி சில மணி நேரம்தான், பிறகு டீசல் லாரி வர வேண்டும். போனில் எஃப்.எம். இருந்தால் அதற்குக் கம்பி இயர்போன் செருகினால்தான் எடுக்கும், பழையதை எறியாதீர்கள்.

பணம்? டவர் இல்லாவிட்டால் ஜிபே இல்லை. பத்து, இருபது, ஐம்பது நோட்டுகளாக வையுங்கள். ஐந்நூறுக்குச் சில்லறை இல்லை என்பார்கள்.

ரேஷன் கார்டு? 2023 நிவாரணமான 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. முதலில் அதை எடுங்கள்.

இன்வெர்ட்டர்? பேட்டரி தரையில் இருந்தால் மேசை மேல் ஏற்றுங்கள். தண்ணீருக்குள் போய்விட்டால் தொடாதீர்கள்.

யாரைக் கூப்பிடுவது? மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913. மூன்றும் பிஸியாக இருக்கும். எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், போனில் மட்டும் வைக்காதீர்கள்.

பையை எப்போது பிரிப்பது? பொங்கலுக்கு. பிஸ்கட்டைத் தின்றுவிடுங்கள். டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசியும்.