ஒரு நொடி மூச்சு

நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். இப்போது காற்று தீரும் வரை பலமாக ஊதுங்கள். முதல் நொடியிலேயே பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது, கவனித்தீர்களா? நுரையீரல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை அந்த ஒரு நொடிக் காற்றை அளந்து மருத்துவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். அளக்கும் கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, 'ப்பூ' என்று ஊத வேண்டும்.

அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் வளர வளர இப்படி ஊதிக் காட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சில ஊர்களில் காற்று சுத்தம். சிலவற்றில் புகைமூட்டம். அங்குள்ள லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. மேலே வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடிபோல் நின்றுவிடும். கப்பல், லாரி, கார் எல்லாம் கக்கும் புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளை ஏன் அளந்தார்கள்? உங்கள் உயரத்தைப் போலவே நுரையீரலும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பதின்ம வயது முடியும்வரை அந்த வேலை நடக்கும். உள்ளே கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள் இருக்கின்றன. பெரிய தூசி வந்தால் மூக்கு மயிரும் சளியும் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஆனால் புகையில் இருக்கும் நுண்துகளின் அகலம் 2.5 மைக்ரான்தான், அல்லது அதற்கும் கீழே. உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறத்தாழ 30இல் ஒரு பங்கு! அது காவலையெல்லாம் தாண்டிக் காற்றறைவரை போய்விடும். போன இடம் புண்பட்டதுபோல் வீங்கும். நாள்தோறும் இப்படி நடந்தால் வளர்ச்சி மெதுவாகிவிடுகிறது. எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட நீங்கள் அதிகக் காற்றை உள்ளிழுக்கிறீர்கள். ஓடி ஆடும்போது இன்னும் அதிகம்.

10 வயதில் ஊதிய பிள்ளைகள் 18 வயதை எட்டினார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. இருக்க வேண்டிய திறனில் 80 சதவீதம்கூட இல்லாதவர்கள், நுண்துகள் மிகக் குறைந்த ஊரில் 100க்கு 2 பேருக்கும் குறைவு. மிக அதிகமான ஊரில் 100க்கு ஏறத்தாழ 8 பேர். அவர்களில் பலருக்கு அது தெரிந்துகூட இருக்காது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் இளமையில் நுரையீரல் சேர்த்துவைக்கும் திறன்தான் முதுமைக்குச் சேமிப்பு. அந்தச் சேமிப்பு அவர்களுக்குத் தொடக்கத்திலேயே குறைந்துபோனதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை, அந்த ஊரில் வளர்ந்தார்கள், அவ்வளவுதான்.

கதை அங்கே முடியவில்லை. டீசல் சுத்தமாக்கப்பட்டது, பழைய லாரிகள் ஒதுக்கப்பட்டன, வாகனப் புகைக்கு விதிகள் இறுகின. அதே ஆய்வாளர்கள் 5 ஊர்களில் வேறு வேறு காலத்துப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். 1994 முதல் 1998 வரை அளக்கப்பட்டவர்களில், 15 வயதில் நுரையீரல் திறன் குறைந்திருந்தவர்கள் 100க்கு ஏறத்தாழ 8 பேர். 2007 முதல் 2011 வரை அளக்கப்பட்டவர்களில் 4 பேருக்கும் குறைவு. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் நுரையீரலும் நன்றாக வளர்ந்திருந்தது. மலையும் கடலும் அப்படியேதான் இருந்தன. காற்று தெளிந்தது, பிள்ளைகளின் மூச்சு பெருகியது. நான் படித்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உங்கள் மூச்சையும் அளந்து பார்க்கலாம், வாருங்கள். 5 லிட்டர் தண்ணீர் கேனை விளிம்புவரை நிரப்புங்கள். அம்மாவையோ அண்ணனையோ துணைக்குக் கூப்பிட்டு, கேனின் வாயை உள்ளங்கையால் பொத்தி, பெரிய வாளித் தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடியுங்கள். தண்ணீருக்குள்ளேயே கையை எடுத்துவிட்டு, சுத்தமான ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கேனுக்குள் நுழைத்து, மறுமுனையில் ஒரே மூச்சாக ஊதுங்கள். குமிழிகள் மேலே ஏறும், தண்ணீர் கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் அதே கேனை எடுங்கள்.