கறுப்பு மங்காதிருக்க எந்த மை?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். கண்ணாடித் தகடுகளில் வெள்ளித் துகள்களால் பதிந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் நூறாண்டு தாண்டியும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன, கணினியிலும் ஏற்றப்பட்டுவிட்டன. அதே ஊரில் நாம் எடுத்த ஏரிப் படத்தை இங்க்ஜெட்டில் அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டினால், சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடக்கூடும். வெள்ளி இருந்த இடத்தில் இப்போது மை இருக்கிறது. அது என்ன மை என்பதில்தான் படத்தின் ஆயுள் இருக்கிறது.

இங்க்ஜெட் மை இரண்டு வகை. டை இங்க் என்பது நீரில் கரைந்த சாயம். சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்திருக்கும். புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் அவற்றை எளிதில் சிதைத்துவிடும். பிக்மென்ட் இங்க் கரையாது. மிக நுண்ணிய தூளாக நீரில் மிதக்கும். ஒரு துகளுக்குள் ஏராளமான மூலக்கூறுகள் நெருங்கியிருப்பதால், மேற்பரப்பு சிதைந்தாலும் உள்ளே நிறம் நிற்கும்.

நல்ல பிக்மென்ட் கறுப்பின் உயிர் கார்பன், அதாவது கரி. எழுத்தாணியால் கீறிய ஓலைச்சுவடியில் எழுத்துத் தெரிய நம் முன்னோர் பூசியதும் கரி கலந்த மைதான். ஏடு செல்லரித்துப் போனாலும், மிஞ்சிய துண்டில் எழுத்து கறுப்பாகவே நிற்கும். வெயிலுக்குக் கரி வெளுப்பதில்லை.

ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் பெரும்பகுதி சாம்பல் நிறம். நம்மூர் ஸ்டூடியோக்களில் பரவலாக இருக்கும் எப்சன் எல்805, எல்1800 பிரிண்டர்களில் உள்ளவை ஆறு டை இங்க்குகள்; அவற்றில் கறுப்பு ஒன்றே. கொடைக்கானல் தூண் பாறைமேல் படியும் மூடுபனியின் சாம்பலைப் பெரும்பாலும் சியான், மெஜந்தா, மஞ்சள் கலந்துதான் இவை உருவாக்கும். மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஒன்று முந்திக்கொண்டால் பனி பச்சையாகவோ செம்மையாகவோ திரும்பிவிடும்.

எனவே கறுப்போடு தனிச் சாம்பல் மைகளும் உள்ள பிக்மென்ட் பிரிண்டரைத் தேடுங்கள். எப்சன் பி700, பி900 இரண்டிலும் கிரே, லைட் கிரே மைகள் உண்டு. 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்' முறையில் அச்சிட்டால் வண்ண மை மிகக் குறைவாகவே சேரும். அமெரிக்காவின் ஜான் கோன் உருவாக்கிய பியசோகிராஃபி முறையில் பல அடர்த்திகளில் சாம்பல் மைகளையே நிரப்புவார்கள். தூய கார்பன் மை சற்றே பழுப்புச் சாயலில் இருக்கும். அந்தச் சாயலை ஏற்றுக்கொண்டால் அதைவிட நிலையான மை வேறில்லை.

தாளும் மையும் பொருந்த வேண்டும். பருத்தித் தாள், மேட் தாள் என்றால் மேட் பிளாக். பளபளப்புத் தாள் என்றால் ஃபோட்டோ பிளாக். மேட் பிளாக்கைப் பளபளப்புத் தாளில் அச்சிட்டால் விரல் பட்டாலே ஈஷிக்கொள்ளும். அமிலமற்ற, வெண்மையூட்டி சேர்க்காத தாளாகப் பாருங்கள். வெண்மையூட்டி செயலிழந்தால் தாள் மஞ்சளிக்கும்.

கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் அங்கு உண்டு. ஈரத்தில் டை இங்க் கசியும். பூஞ்சை தாளையே தின்னும். பிரிண்ட் நன்கு உலர்ந்தபின் ஃபிரேம் போடுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவே அட்டை வையுங்கள். ஈரம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

மையைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதை வீட்டிலேயே சோதிக்கலாம். வேண்டாத மேட் பிரிண்ட் ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கறுப்பு ஊறிப் பரவினால் அது டை இங்க். இன்னொரு பிரிண்டின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் 3 மாதம் வையுங்கள். அட்டையை எடுத்ததும் இரு பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால் அந்த மை வேண்டாம்.

ஆல்பத்துக்கும் அன்பளிப்புக்கும் டை இங்க் போதும். பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய படத்தை மட்டும் கார்பன் பிக்மென்ட் மையில் அச்சிடுங்கள்.